சுற்றுலா மந்தமானால் தீம் பார்க்கில் எது குறையும், எது குறையாது?

கேள்வி இதுதான்: விமானப் பயணிகள் குறைகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வரத் தயங்குகிறார்கள் என்று செய்தி வரும்போது தீம் பார்க்குகள் காலியாகுமா? டிக்கெட் விலை இறங்குமா? குடும்பத்தோடு போக நினைப்பவர் சலுகை வரட்டும் என்று காத்திருக்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பூங்காக்களில் மந்தத்தின்போது தலைக்கணக்கு பலர் நினைக்கும் அளவுக்கு விழுவதில்லை. விழுவது வருமானமும் அதைவிட வேகமாக லாபமும்தான். கூட்டத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் சலுகைகள் செய்கின்றன. அந்தச் சலுகைகள் நுழைவாயிலில் எழுதியிருக்கும் டிக்கெட் விலையில் அநேகமாக வராது. அறை வாடகையிலும், கூடுதல் நாட்களிலும், குழந்தைகளுக்கான டிக்கெட்டிலும், குறிப்பிட்ட ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையிலும் வரும். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கு மந்தகாலம் நல்ல காலம். வாயில் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதற்கு 2009-ஐ விடத் தெளிவான சான்று இல்லை. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்தது. அமெரிக்காவில் வேலை இழப்பு மாதத்துக்கு மாதம் கூடியது. விடுமுறைச் செலவு என்பது குடும்பங்கள் முதலில் கை வைக்கும் இனம். ஆனால் தீம் பார்க் துறையின் சங்கமான டி.இ.ஏ. (TEA) ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தால், ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு 2008-ல் சுமார் 1.7 கோடிப் பேர் வந்தார்கள்; 2009-ல் அது ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடியது. உலகப் பொருளாதாரமே தள்ளாடிய ஆண்டில் கூட்டம் கூடியிருக்கிறது.

இனி அதே நிறுவனத்தின் கணக்கறிக்கையைப் பாருங்கள். டிஸ்னியின் பூங்கா மற்றும் ரிசார்ட் பிரிவின் வருமானம் 2009 நிதியாண்டில் 7 சதவீதம் குறைந்து சுமார் 1,070 கோடி டாலருக்கு வந்தது. செயல்பாட்டு லாபம் 25 சதவீதம் விழுந்து சுமார் 140 கோடி டாலரில் நின்றது. வந்தவர்கள் அதே அளவு, கிடைத்த லாபம் முக்கால்வாசி. இடையில் காணாமல்போன கால் பங்கில் கணிசமான பகுதி சலுகையாக வந்தவர்களின் பையிலேயே தங்கிவிட்டது.

அது எப்படிப் போனது? 2008 இறுதியில் டிஸ்னி ஒரு திட்டம் அறிவித்தது. நான்கு இரவு அறையும் டிக்கெட்டும் சேர்த்து வாங்கினால் மேலும் மூன்று இரவு இலவசம். 2009 முழுக்க, பிறந்தநாள் அன்று வருபவருக்கு நுழைவு இலவசம். 2010-ல் ஒரு நாள் தொண்டு வேலை செய்தால் ஒரு நாள் டிக்கெட் இலவசம் என்றார்கள். ஒதுக்கிய பத்து லட்சம் டிக்கெட்டும் மார்ச்சிலேயே தீர்ந்தது. இவை எதிலும் வாயில் விலை ஒரு டாலர் கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறந்தநாள் டிக்கெட் மிகக் கெட்டிக்காரத்தனமான யோசனை. பிறந்தநாள்காரர் தனியாக வரமாட்டார். கூட வரும் மூன்று நான்கு பேர் முழு விலை கொடுப்பார்கள், எல்லோரும் உள்ளே சாப்பிடுவார்கள். ஆண்டின் 365 நாளிலும் பிறந்தநாள்கள் பரவிக்கிடப்பதால் ஒரே வாரத்தில் நெரிசலும் ஆகாது.

அதே 2009-ல், மேஜிக் கிங்டம் இருக்கும் அதே ஆர்லாண்டோவில், போட்டியாளரான யுனிவர்சலின் இரண்டு பூங்காக்களும் ஒவ்வொன்றும் சுமார் 11 சதவீதக் கூட்டத்தை இழந்தன. ஒரே விமான நிலையம், ஒரே மந்தம், பக்கத்துப் பக்கத்துப் பூங்காக்கள். ஆயிரக்கணக்கான அறைகளைத் தன் கையில் வைத்திருந்த டிஸ்னி அறையை விட்டுக்கொடுத்துக் கூட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அவ்வளவு அறை இல்லாத யுனிவர்சலால் முடியவில்லை. ‘சுற்றுலா மந்தம் தீம் பார்க்கை எவ்வளவு பாதிக்கும்’ என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு விட்டுக்கொடுத்தாவது ஆட்களை ஏன் உள்ளே கொண்டுவர வேண்டும்? தீம் பார்க்கின் செலவு அமைப்பு அப்படி. ரோலர் கோஸ்டரில் இருபது பேர் உட்கார்ந்தாலும் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் மின்சாரமும் இயக்குபவரின் சம்பளமும் காலைப் பரிசோதனையும் ஒன்றுதான். கடன் வட்டி, காப்பீடு, தோட்டப் பராமரிப்பு, பாதுகாப்பு எதுவும் கூட்டத்தைப் பார்த்துக் குறையாது. உள்ளே நுழையும் கூடுதல் ஒருவருக்காகப் பூங்கா செலவழிப்பது சொற்பம். அவர் பார்க்கிங், உணவு, பொம்மை, போட்டோ, வரிசையைத் தாண்டிப் போகும் கட்டணம் என்று கொடுப்பது ஏறத்தாழ முழுக்க லாபம். அதனால் வெறுமையாகக் கிடக்கும் அறையும் இருக்கையும் நிர்வாகத்துக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். விற்காமல் போன இன்றைய இருக்கையை நாளைக்கு விற்க முடியாது.

இதே அமைப்பு மறுபக்கம் கத்தியாகவும் திரும்பும். வருமானம் 7 சதவீதம் குறைந்தால் லாபம் 25 சதவீதம் குறைகிறதென்றால், கடன் சுமை அதிகமுள்ள நிறுவனம் என்னாகும்? அமெரிக்கப் பூங்கா நிறுவனமான சிக்ஸ் ஃப்ளாக்ஸ் சுமார் 240 கோடி டாலர் கடனோடு 2009 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பூங்காக்கள் திறந்தே இருந்தன, ரைடுகள் ஓடின, மக்கள் வந்தார்கள். கடன்தான் கழுத்தை நெரித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கடனைக் குறைத்துக்கொண்டு வெளியே வந்தது. தென் கரோலினாவின் மிர்டில் பீச்சில் சுமார் 40 கோடி டாலர் செலவில் 2008 ஏப்ரலில் திறந்த ஹார்ட் ராக் பூங்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் கூட இல்லை. முதல் சீசனைக்கூட முழுதாக ஓட்டாமல் செப்டம்பரில் மூடியது. மறு வருடம் பெயரை மாற்றித் திறந்தும் நிற்கவில்லை. புதிய பூங்காவுக்கு வழக்கமாக வரும் ஆட்கள் என்று ஒரு கூட்டம் இருக்காது. மந்தம் வந்தால் முதல் அடி அதற்குத்தான்.

இப்போது யார் வராமல் போகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். பதிலின் பாதி இதில் இருக்கிறது.

மந்தங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, மேஜிக் கிங்டம் இருக்கும் வளாகமான வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்து இரண்டே ஆண்டுகள். அன்றைய வருகையாளர்களில் பெரும்பாலோர் காரில் வந்தவர்கள். பெட்ரோல் கிடைக்குமா என்ற சந்தேகம் வந்ததும் தொலைதூரப் பயணம் நின்றது. கையில் காசில்லை என்பது ஒரு காரணம். திரும்பி வர எரிபொருள் கிடைக்காது என்பது வேறு காரணம். இரண்டாவது வகைக்கு எந்தத் தள்ளுபடியும் மருந்தாகாது.

2001 செப்டம்பர் 11 அச்சத்தால் வந்த மந்தம். அன்று ஆர்லாண்டோ பூங்காக்கள் பகலிலேயே மக்களை வெளியேற்றி மூடின. பிறகு மக்கள் விமானம் ஏறவே தயங்கினார்கள். மேஜிக் கிங்டத்துக்கு 2000-ல் ஒன்றரைக் கோடிக்கு மேல் வந்தவர்கள் 2002-ல் 1.4 கோடிக்கு இறங்கினார்கள். வேலையாட்களின் வேலை நேரம் வெட்டப்பட்டது. சில விடுதிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2001 டிசம்பரில் திறக்கவிருந்த டிஸ்னியின் பாப் செஞ்சுரி விடுதியின் திறப்பு 2003 டிசம்பர் வரை தள்ளிப்போனது. அதன் இரண்டாவது பாதி பல ஆண்டுகள் அரைகுறைக் கட்டடமாகவே நின்று, கடைசியில் 2012-ல் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற வேறு விடுதியாகத் திறந்தது. ஒரு மந்தத்தின் தடம் பத்து வருடம் கழித்தும் கண்ணுக்குத் தெரிந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. கனடாவையும் மெக்சிகோவையும் விட்டுவிட்டு, கடல் கடந்து அமெரிக்கா வந்தவர்கள் 2000-ல் சுமார் 2.6 கோடி. 2003-ல் அது 1.8 கோடி. பழைய அளவை மீண்டும் தொட 2010 ஆயிற்று. உள்நாட்டுக் குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிட்டன. வெளிநாட்டுக்காரர்கள் திரும்பப் பத்தாண்டு பிடித்தது. விசா கெடுபிடி, விமான நிலையச் சோதனை, ‘நம்மை வரவேற்கவில்லை’ என்ற எண்ணம், இவை எல்லாம் காசால் சரியாகிற விஷயங்கள் அல்ல.

மூன்றாவது வகை நாணய மந்தம். 2015, 2016-ல் டாலர் ஏறி, கனடா டாலரும் பிரேசில் ரியாலும் இறங்கின. அமெரிக்கர்களைப் பொறுத்தவரை எந்த மந்தமும் இல்லை. ஆனால் பிரேசில் குடும்பத்துக்கு அதே டிக்கெட் திடீரென்று மிகவும் கனத்தது. அப்போது இன்னொரு பூங்கா நிறுவனமான சீவேர்ல்ட் தன் ஃப்ளோரிடா பூங்காவின் சரிவுக்கு லத்தீன் அமெரிக்கப் பயணிகள், குறிப்பாகப் பிரேசில்காரர்கள் குறைந்ததைக் காரணமாகச் சொன்னது. பெரிய பூங்காக்கள் கனடா முகவரி காட்டுபவர்களுக்கு மட்டும் தனித் தள்ளுபடி கொடுத்தன. 2025-ல் அரசியல் மனக்கசப்பால் கனடாக்காரர்கள் அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டார்கள். காரில் எல்லை தாண்டிப் போய்த் திரும்பியவர்கள் சில மாதங்களில் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். நாணயத்தால் வராமல் போனவரைத் தள்ளுபடி ஓரளவு இழுக்கும். மனக்கசப்பால் வராமல் போனவரிடம் தள்ளுபடி அதிகம் பேசாது.

இனி வராதவர் எவ்வளவு மதிப்புள்ள வருகையாளர் என்பது. துறையில் இதை ‘அட்டெண்டன்ஸ் மிக்ஸ்’ என்பார்கள், அதாவது வருகிறவர்களின் கலவை. கடல் கடந்து வரும் குடும்பம் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் தங்கும். பூங்கா விடுதியில் அறை எடுக்கும், மூன்று வேளையும் உள்ளே சாப்பிடும், திரும்பும்போது பெட்டி நிறையப் பொருள் வாங்கும். பக்கத்து ஊர்க்காரர் வருடாந்திர பாஸோடு மாலை ஐந்து மணிக்கு வருவார், இரண்டு ரைடு ஏறுவார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். வாயிலில் எண்ணும்போது இருவரும் ஒவ்வொரு தலைதான். வெளியூர்க்காரர் வராத இடத்தை உள்ளூர்ப் பாஸ்காரர்களைக் கொண்டு நிரப்பிவிட்டு ‘கூட்டம் குறையவில்லை’ என்று நிர்வாகம் சொல்லலாம். அது பொய் இல்லை. கூட்டமும் வியாபாரமும் ஒன்றல்ல என்பதுதான் அங்கே மறைந்து நிற்கும் செய்தி. ஆகவே பூங்காவின் வருகைப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து ஊரின் சுற்றுலா நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுன்டியில் விடுதி அறைகளுக்கு 6 சதவீதம் சுற்றுலா வரி உண்டு. மாதந்தோறும் எவ்வளவு வசூலானது என்பது பொதுவெளியில் வரும். விமான நிலையத்தின் சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். இந்த இரண்டும் பூங்கா நிர்வாகம் சொல்வதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடும்.

உள்ளூர்க் கூட்டம் பலமாக இருந்தால் பூங்கா எப்படித் தாங்கும் என்பதற்கு டோக்கியோ. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ டிஸ்னிலேண்ட் ஏப்ரல் 15 வரை மூடிக்கிடந்தது. பக்கத்திலிருக்கும் டிஸ்னிசீ ஏப்ரல் 28 வரை. வெளிநாட்டுப் பயணிகள் ஜப்பானையே தவிர்த்தார்கள். ஆனாலும் அந்த நிதியாண்டில் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து முந்தைய ஆண்டைப் போலவே 2.5 கோடிப் பேர் வந்தார்கள், ஏனென்றால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜப்பானியர்கள். இரண்டே ஆண்டுகளில் அது 3.1 கோடியைத் தாண்டியது. இதற்கு எதிர்ப்பக்கம் ஹாங்காங். சீனப் பெருநிலத்திலிருந்து வருபவர்களை நம்பிய டிஸ்னிலேண்டுக்கு 2014 நிதியாண்டில் 75 லட்சம் பேர் வந்தார்கள். 2016-ல் 61 லட்சம். ஒரே வாசல் வழியாக வரும் கூட்டத்தை நம்பினால் அந்த வாசல் சாத்தும்போது வேறு வழி இருக்காது. 2020-ல் ஹாங்காங்கின் ஓஷன் பார்க்கைக் காப்பாற்ற அரசாங்கமே 540 கோடி ஹாங்காங் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

கொரோனா காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. மேஜிக் கிங்டம் 2019-ல் சுமார் 2.1 கோடியிலிருந்து 2020-ல் சுமார் 70 லட்சத்துக்கு விழுந்ததும், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் 2020 மார்ச்சிலிருந்து 2021 ஏப்ரல் 30 வரை மூடிக்கிடந்ததும் அரசு உத்தரவாலும் நோயாலும் நடந்தவை. விலைக்கும் விருப்பத்துக்கும் அங்கே வேலையே இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2020 செப்டம்பரில் டிஸ்னி 28,000 பேரை வேலையிலிருந்து அனுப்புவதாக அறிவித்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேர ஊழியர்கள். நாம் சலுகையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு மந்தத்திலும் முதலில் வேலை நேரத்தை இழப்பது இவர்கள்தான்.

சரி, சலுகை ஏன் வாயில் விலையில் வருவதில்லை?

முதல் காரணம், வாயில் விலையைக் குறைத்தால் எப்படியும் வரவிருந்தவருக்கும் குறைந்த விலைக்குக் கொடுக்க நேரும். ஏற்கெனவே விமான டிக்கெட் எடுத்து, விடுப்பு சொல்லி, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டவர் பத்து டாலருக்காக முடிவை மாற்றப் போவதில்லை. அவருக்குக் குறைப்பது நிர்வாகத்தின் பார்வையில் வீண். வரலாமா வேண்டாமா என்று ஊசலாடுபவரை மட்டும் தேடிப்பிடித்துக் குறைக்க வேண்டும். ‘இந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு மட்டும்’, ‘இந்தத் தேதிக்குள் முன்பதிவு செய்பவருக்கு மட்டும்’, ‘மூன்று நாளுக்கு மேல் எடுத்தால் மட்டும்’, ‘ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும்’ என்ற வேலிகள் எல்லாம் அதற்குத்தான். படிக்கும்போது எரிச்சல் தரும் அந்த நிபந்தனைகள்தான் சலுகையின் உயிர்.

இரண்டாவது, விலை என்பது மனத்தில் பதியும் ஒரு எண். 150 டாலர் என்று பதிந்ததை 110-க்கு இறக்கிவிட்டால் நல்ல காலம் திரும்பியபின் 150 கேட்கும்போது அது விலையேற்றமாகத் தெரியும். ‘மூன்று இரவு இலவசம்’ என்பதை நிறுத்தினால் யாரும் விலை ஏறியதாக நினைப்பதில்லை. டிஸ்னி வேர்ல்டில் 2005-லிருந்து பல ஆண்டுகள் மந்தமான மாதங்களில் வந்த இலவச உணவுத் திட்டமும் இந்த வகைதான். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பள்ளிகள் திறந்துவிடும், ஃப்ளோரிடாவில் புயல் சீசன் உச்சத்தில் இருக்கும், அறைகள் காலியாகும். அறையை முழு விலைக்கு எடுத்தால் சாப்பாடு இலவசம் என்றார்கள். குடும்பங்கள் அதற்காகவே விடுப்பை மாற்றிக்கொண்டன. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பெரியவர்கள் மட்டும் போகும்போது அறைத் தள்ளுபடியே பல சமயம் அதிக லாபம். நான்கைந்து பேர் ஒரே அறையில் தங்கினால் இலவச உணவு ஜெயிக்கும். ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு இருக்கும் இழுப்பு ‘30 சதவீதத் தள்ளுபடி’க்கு இல்லை.

வாயில் விலையை வெளிப்படையாக வெட்டி ஜெயித்த ஒரு வரலாறும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் பதில் முழுமை பெறாது. யூரோ டிஸ்னி 1992 ஏப்ரல் 12 அன்று பாரிஸ் அருகே திறந்தது. ஐரோப்பா மந்தத்தில் இருந்தது, ஃபிராங்க் பலமாக இருந்ததால் பக்கத்து நாட்டவர்களுக்கு பிரான்ஸ் விலை கூடிய இடமாகத் தெரிந்தது, விடுதிகளோ தேவைக்கு மேல் கட்டப்பட்டிருந்தன. ஆண்டுக்கு 1.1 கோடிப் பேர் என்ற எதிர்பார்ப்பு பொய்த்து 1994-ல் 88 லட்சத்தில் நின்றது. கடன் மறுசீரமைப்பு செய்ய வேண்டிவந்தது. 1995-ல் பெரியவர் டிக்கெட்டை 250 ஃபிராங்கிலிருந்து 195-க்கு இறக்கினார்கள். அந்த ஜூனில் ஸ்பேஸ் மவுன்டன் என்ற ரோலர் கோஸ்டர் திறந்தது. அவ்வருடம் 1.07 கோடிப் பேர் வந்தார்கள், முதல்முறையாக லாபமும் வந்தது. ஆனால் இதை விலைக்குறைப்பின் வெற்றி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்திலேயே விலை தவறாக வைக்கப்பட்டிருந்தது. அதைத் திருத்தினார்கள், கூடவே வருவதற்கு ஒரு புதுக் காரணத்தையும் கொடுத்தார்கள்.

புதுக் காரணம் என்பது எந்தத் தள்ளுபடியையும்விடப் பலமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2009-ல் 46 லட்சத்துக்கு இறங்கிய யுனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் 2010 ஜூன் 18 அன்று ஹாரி பாட்டர் பகுதி திறந்தது. அமெரிக்காவில் வேலையின்மை அப்போதும் 9 சதவீதத்துக்கு மேல். ஆனால் 2010-ல் சுமார் 59 லட்சம், 2011-ல் சுமார் 77 லட்சம் என்று கூட்டம் ஏறியது. மக்கள் செலவைக் குறைக்கும்போதும் ஒரு பயணத்தையாவது மிச்சம் வைக்கிறார்கள். அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் போட்டி. 2025 மே 22 அன்று, சர்வதேசப் பயணம் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், யுனிவர்சல் தன் எபிக் யுனிவர்ஸ் பூங்காவைத் திறந்ததையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மந்தம் வந்தபின் கட்டத் தொடங்கினால் நேரமாகிவிடும். நல்ல காலத்தில் கட்டியதுதான் கெட்ட காலத்தில் கைகொடுக்கும்.

தள்ளுபடிக்குப் பழகிப்போன பூங்கா அதிலிருந்து வெளியே வருவது எவ்வளவு கடினம் என்பதற்கு மறுபடியும் சிக்ஸ் ஃப்ளாக்ஸ்தான் உதாரணம். காரில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துபோகும் ஆட்களை நம்பும் பிராந்தியப் பூங்காக்கள் அவை. சீசன் பாஸ், கூப்பன், கடைகளில் கிடைக்கும் சலுகை டிக்கெட் என்று ஆண்டு முழுக்கத் தள்ளுபடிதான். 2022-ல் புதிய நிர்வாகம் சலுகைகளை வெட்டி விலையை ஏற்றியது, கூட்டம் குறைந்தாலும் தலைக்கு வருமானம் கூடும் என்ற கணக்கில். தலைக்கு வருமானம் கூடத்தான் செய்தது. ஆனால் 2021-ல் 2.77 கோடியாக இருந்த கூட்டம் 2.05 கோடிக்கு விழுந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் மக்கள் பயணத்துக்குப் பணத்தை வாரியிறைத்த ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சுற்றுலா மந்தம் இல்லாமலேயே ஒரு விலை முடிவால் கூட்டம் கால் பங்கு போய்விட்டது. இங்கிலாந்தில் காலை உணவுப் பெட்டிகளில் அச்சாகும் ‘ஒருவருக்குக் கட்டினால் இருவர்’ கூப்பன்களும் இதே கதைதான். எல்லோரிடமும் கூப்பன் இருந்தால் கூப்பன் விலையே உண்மையான விலை, முழு விலை என்பது அறியாமல் வந்தவர் கட்டும் அபராதம்.

பிராந்தியப் பூங்காக்களைப் பற்றி ஒரு வார்த்தை. விமானம் ஏறப் பயம், வெளிநாடு போகக் காசில்லை என்ற மந்தத்தில் இவை சில சமயம் ஆதாயமே அடையும். தூரப் பயணத்தைக் கைவிட்ட குடும்பம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்காது; காரில் போய் வரும் தூரத்தில் ஒரு நாளாவது கழிக்கும். ஆனால் பெட்ரோல் விலையும் மழையும் இவற்றுக்கு எமன்.

இப்போது நிலைமையை இன்னும் சிக்கலாக்கியது தேதிக்கேற்ற விலை. டிஸ்னி 2016-ல் ஒரு நாள் டிக்கெட்டை மூன்று அடுக்காகப் பிரித்தது. 2018 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு தேதிக்கும் தனி விலை வந்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் மிக மலிவான நாளின் டிக்கெட் 2019-லிருந்து 104 டாலரிலேயே நிற்கிறது. மிக விலையுயர்ந்த நாளோ 2019-ல் 149 டாலர், 2024 அக்டோபரில் 206. ‘விலை ஏறவில்லை’ என்பதும் உண்மை, ‘விலை ஏகத்துக்கு ஏறிவிட்டது’ என்பதும் உண்மை. இதன் இன்னொரு விளைவை யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் மந்தம் வந்தால் சலுகை அறிவிப்பு வரும், நாம் தெரிந்துகொள்வோம். இப்போது நிர்வாகம் அறிவிப்பே இல்லாமல் அடுத்த ஆண்டு நாட்காட்டியில் சில வாரங்களை ஒரு அடுக்கு கீழே இறக்கிவைத்தால் போதும். சலுகை நடந்துவிடும், சலுகை என்ற பெயர் மட்டும் இருக்காது. ஆகவே விளம்பரத்துக்காகக் காத்திருக்காமல் நாட்காட்டியைத் திறந்து, உங்களுக்கு ஒத்துவரும் எல்லா வாரங்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அறிவிப்போடு வரும் சலுகைகளும் நிற்கவில்லை. 2024-லும் 2025-லும் டிஸ்னிலேண்ட் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 50 டாலரில் டிக்கெட் கொடுத்தது. பிள்ளைக்கு மலிவு, ஆனால் பிள்ளை தனியே வராது. 2009 பிறந்தநாள் டிக்கெட்டின் அதே தர்க்கம்.

கடைசியாக, மந்தகாலத்தில் போகிறவர் எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது. கூட்டம் 10 சதவீதம் குறைந்தால் வரிசையும் 10 சதவீதம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிர்வாகம் செலவைக் குறைக்க முதலில் தொடுவது இயக்க நேரத்தையும் கொள்ளளவையும்தான். காலை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறப்பார்கள், இரவு சீக்கிரம் மூடுவார்கள். மூன்று ரயில் ஓடும் ரோலர் கோஸ்டரில் இரண்டை மட்டும் ஓட்டுவார்கள். உணவகங்கள் சிலவற்றுக்குப் பூட்டு. பெரிய ரைடுகளைப் பழுதுபார்ப்புக்கு நிறுத்த இதுதான் சமயம் என்று நினைப்பார்கள். ஆட்கள் குறைவாக வந்தும் வரிசை அப்படியே நீள்வது இதனால்தான். டிக்கெட் எடுக்கும் முன் அந்த வாரத்தின் திறப்பு நேரத்தையும் மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலையும் பாருங்கள். பிள்ளை ஆசைப்படும் ஒரே ரைடு அந்த வாரம் மூடியிருந்தால் எந்தச் சலுகையும் லாபமில்லை.

காத்திருப்பது பற்றி: எல்லாவற்றிலும் கடைசி நேரம் வரை காத்திருப்பதில் பயனில்லை. தூரத்திலிருந்து வருபவருக்கு மொத்தச் செலவில் பூங்கா டிக்கெட் ஒரு பகுதிதான். விமானக் கட்டணமும் அறையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். மந்தத்தில் விமான நிறுவனங்கள் விலையைக் குறைப்பதற்குப் பதில் சில சமயம் விமானங்களையே குறைத்துவிடும். அப்போது மிச்சமுள்ள இருக்கையின் விலை ஏறும். அதனால் ரத்து செய்யக்கூடிய அறையை முன்பே பிடித்துவைத்துவிட்டு, பிறகு சலுகை வந்தால் அதற்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. பெரிய பூங்கா விடுதிகள் பலவற்றில், அந்தச் சலுகையில் அறை மிச்சமிருந்தால் மாற்றித் தருவார்கள். தாமாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். சலுகை வரும் வாரங்கள் பெரும்பாலும் பள்ளி திறந்திருக்கும் வாரங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்துக்கு எவ்வளவு கடும் மந்தத்திலும் பெரிய சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அந்த வாரம் மட்டுமே போக முடியும் என்றால் காத்திருக்காமல் இன்றே எடுத்துவிடுங்கள்.